சுவர் வெடிப்பில் ஒரு விரல்

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இலங்கையெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் பெரும்பாலும் ஆளைக் கொன்றது காற்றல்ல, மண். நுவரெலியா மாவட்டத்து வலப்பனைக்கு இது புதிதல்ல. 2007 ஜனவரியிலும் இங்கே மலை சரிந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களே மண்ணுக்குள் போயின.

மழை பிடித்தால் இங்குள்ள அம்மாமார் வானத்தைப் பார்ப்பதில்லை, லயத்துக் காம்பிராச் சுவரின் வெடிப்பைப் பார்க்கிறார்கள். நேற்று நுழையாத விரல் இன்று நுழைந்தால், பிள்ளையின் புத்தகப் பையில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் திணித்துக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஏறுகிறார்கள். மழை விட்டதும் அதே லயம்தான். வேறெங்கே போவது? தோட்டங்களில் 200 வருடம் உழைத்த சனத்தில் பெரும்பாலோருக்குக் காலடி நிலமும் தோட்டத்தினுடையது. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை ஒருவழியாகத் திரும்பியது, காணி வரவில்லை.

இளசுகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, சரிவில் மிஞ்சுவது கிழடுகள் (அவர்களே சிரித்தபடி சொல்லும் சொல்). வீடு கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு மேடைக்கு மேடை தொடர்கிறது. மண்சரிவு அபாய வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. வலப்பனையில் எந்த லயம் முதலில் காலியாகும், எந்தக் காணிக்கு, எப்போது? அடுத்த மழைக்கு முன் அரசாங்கம் திகதி போட்டுச் சொல்லட்டும்.