படத்தில் இருப்பவர் யார்?

பாட்டு செவிக்கு மட்டும் விருந்தாக இருந்த காலம் போய், கண்ணுக்கும் விருந்தாகிவிட்ட காலம் இது. ஆகவே ஒரு பாட்டு என்ன சொல்கிறது என்பதோடு, யாரைக் காட்டுகிறது என்றும் நாம் கேட்க வேண்டும்.

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய குழு அது. கிடாரும் பறையும் ஒரே மேடையில் முழங்கின. கலைஞர்கள் ஒரே மாதிரி கோட்டு அணிந்திருந்தனர். கானா பாடுபவர் என்றால் லுங்கி, பறையடிப்பவர் என்றால் வெற்றுடம்பு என்று திரைப்படம் பழக்கிவைத்த கண்களுக்கு அந்தக் கோட்டே ஒரு மறுமொழி அல்லவா?

அக்குழுவின் அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. அமித் கிருஷ்ணன் இயக்கிய அக்காட்சிகளில் மேடை போய் மண் வந்தது. மரமும் வயலும் வண்ண ஆடைகளும் வந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அதில் தோன்றினார்.

“அழகு கூடினால் வேகம் குறைந்துவிடும்” என்பர் நண்பர் சிலர். நான் அதை ஏற்கவில்லை. அழகு என்ன, வசதி படைத்தோரின் தனிச்சொத்தா? ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. இரஞ்சித் கண்டித்தார். பின்னரே அறிவின் படம் தாங்கிய அட்டை வந்தது. புகழ் வளரும்போது பாட்டை எழுதியவரே சட்டத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது!

இது சென்னைக் கதை மட்டுமன்று. நம் மாணவரும் கல்வராயன் மலையேறிக் கைப்பேசியில் பாட்டுப் படம் எடுக்கிறோம். மேகம் அருவி வருகிறது, பெரியார் அருவி வருகிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த அம்மலையின் மக்கள் எங்கே? மரவள்ளி பிடுங்கும் அந்தத் தாய் ஏன் நம் படத்தில் இல்லை?

கரும்பு வெட்டும் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். லென்சு தானாக எவரையும் ஒதுக்குவதில்லை. அதைத் திருப்பும் கைதான் ஒதுக்குகிறது. அந்தக் கை இன்று நம்முடையது. தோழர்களே, அருவியைக் காட்டுவோம். அருவிக்கரை மனிதரையும், அவர் இசைவோடு, அவர் பெயரோடு காட்டுவோம்!