கொரிய மொழியும் வீட்டு ஆசிரியரும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நமக்கு, புதுமொழி கற்பது புதிய செயல் அன்று. வந்திறங்கிய சில வாரங்களிலேயே பால்காரரிடம் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ கணக்குப் பேசக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அம்மொழிகளைத் தெருவும் கடைவீதியுமே நமக்குக் கற்பித்தன. ஆனால் இன்று நம் பிள்ளைகள் விரும்பிக் கற்க முற்படும் கொரிய மொழி தெருவில் கிடைப்பதன்று. அதற்கெனத் தனி ஆசிரியரை அமர்த்த வேண்டுமா, அமர்த்தினால் அவரிடம் எதைக் கேட்டுப் பெறுவது என்னும் கேள்விகள் பல இல்லங்களில் எழுந்துள்ளன. இத்திங்கள் அவற்றையே ஆராய்வோம்.

இவ்விருப்பத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. கொரியப் பாட்டும் தொடர்நாடகமும் ஆசையைத் தூண்டியிருக்கலாம். ஆனால் ஆசைக்குப் பின்னால் தொழிலும் நிற்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார் செய்து வருகிறது. நொய்டாவில் சாம்சங், கிரேட்டர் நொய்டாவிலும் புனேயை அடுத்த ரஞ்சன்காவிலும் எல்.ஜி., ஆந்திரத்தின் பெனுகொண்டாவில் கியா எனக் கொரியத் தொழிற்சாலைகள் நாடெங்கும் பரவியுள்ளன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் கொரியத்தையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. எனவே பிள்ளை கேட்பது நியாயமே. பெற்றோருக்கோ இரண்டு கவலைகள். ஒன்று செலவு. மற்றொன்று, ஆங்கிலமும் இந்தியும் நெருக்குவதால் ஏற்கெனவே மெலிந்துவரும் வீட்டுத் தமிழுக்கு இன்னொரு போட்டி வந்துவிடுமோ என்பது. இரண்டாவது கவலை வேண்டாததென்பது நம் கருத்து. வீட்டுத் தமிழ் நன்றாக இருக்குமானால் முதற் கவலையும் குறையும். அஃது எவ்வாறெனக் காண்போம்.

முதலில், எழுத்துக் கற்பதற்காக ஆசிரியருக்குப் பல மாதச் சம்பளம் கொடுத்தல் வேண்டா. ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்தைச் சேஜோங் மன்னர் 1443-இல் வகுத்து 1446-இல் நாட்டுக்கு வெளியிட்டார். அதற்கு முன் கொரியர்கள் சீன எழுத்தையே கையாண்டனர். அது பாமர மக்களுக்கு எட்டாததாக இருந்தது. மன்னர் வகுத்த மெய்யெழுத்துகள் ஒலி பிறக்கும் உறுப்பின் வடிவையே காட்டுவன. ககரம் நாவின் அடி தொண்டையை அடைப்பதையும், நகரம் நாவின் நுனி மேலே தொடுவதையும், மகரம் வாயையும் வரைந்தவாறு அமைந்துள்ளன. எழுத்து எவ்விடத்தில் எவ்வாறு பிறக்கிறதென்று நம் தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லிற்று. அத்தகைய ஆராய்ச்சியையே சேஜோங் மன்னர் எழுத்தின் உருவாக்கினார் எனலாம். இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் இருபத்து நான்கே. ஊக்கமுள்ள பிள்ளை இரண்டு வாரத்தில் இவற்றைத் தானே கற்றுவிடும். ஆசிரியர் பிழை திருத்த ஓரிரு வகுப்புகள் போதும். அதன்பின் கொரியச் சொல்லை ஆங்கில எழுத்திலோ தமிழ் எழுத்திலோ எழுதிவைத்துப் படிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். இங்கே நாம் தமிழ் எழுத்தில் தருவன எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

அடுத்து, வாக்கிய அமைப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம், ஆங்கிலம் பேசுவோர்க்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் கொரியத்தை வைத்து, அதற்கு ஏறத்தாழ 2200 வகுப்பு மணி வேண்டுமென்று கணக்கிட்டுள்ளது. அக்கணக்கைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு எல்லாம் தலைகீழாக இருக்கிறது, நமக்கு அவ்வாறில்லை. ‘நேகா ஒஜே போன் யங்ஹ்வா’ என்றால் ‘நான் நேற்றுப் பார்த்த படம்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நம் பெயரெச்சம் நிற்கும் இடத்திலேயே அவர்களுடையதும் நிற்கிறது. ‘மொகொ பொதா’ என்பதில் முதற்சொல் உண்ணுதல், இரண்டாவது பார்த்தல். பொருளோ ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாம் சொல்லும் அதே பொருள். ‘ஹே ஜூதா’ என்பது ‘செய்து கொடு’. ‘மொக்கோ இத்தா’ என்பது ‘உண்டுகொண்டு இரு’. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது; வினை இறுதியில் நிற்கிறது. ‘என் வீடு’ என்னாமல் ‘எங்கள் வீடு’ என்று நாம் சொல்வதுபோலவே, அவர்களும் ‘ஊரி ஜிப்’, ‘ஊரி ஒம்மா’ என்று பன்மையிலேயே சொல்கின்றனர்.

இவ்வொற்றுமையைக் கண்டு வியந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் இலக்கண நூலே எழுதினார். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்னும் முடிவை இன்றைய மொழியியலறிஞர் ஏற்பதில்லை. உறவு இல்லாத மொழிகளுக்கிடையேயும் இத்தகைய அமைப்பு ஒற்றுமை தோன்றக்கூடும். உறவு கொண்டாட வேண்டா. உதவியைப் பெற்றுக்கொள்ளலாம் அன்றோ? ஆனால் பெரும்பாலான பாடநூல்களும் ஆசிரியர்களும் ஆங்கிலத்தின் வழியாகவே விளக்குகின்றனர். பிள்ளை ஒரு கொரிய வாக்கியத்தை ஆங்கிலமாகத் தலைகீழாக்கி, மறுபடியும் நிமிர்த்துகிறது. நேராகச் செல்லும் வழி வீட்டிலேயே இருக்க, ஊரைச் சுற்றி வருவானேன்? இந்தியும் வினையை இறுதியில் வைக்கும் மொழியே. அதுவும் ஓரளவு துணை செய்யும். எனினும் மேலே காட்டிய பெயரெச்சமும் துணைவினைகளும் தமிழின் வழியே எளிதில் விளங்கும்.

அப்படியானால் ஆசிரியர் எதற்கு? முதலாவதாக, செவிக்கு. கொரியத்தில் ‘நெருப்பு’, ‘கொம்பு’, ‘புல்’ என்னும் பொருள்படும் சொற்கள் மூன்றையும் தமிழில் எழுதினால் ‘புல்’ என்றே எழுத வேண்டியிருக்கும். (மூன்றாவது சொல் ஒலியிலும் பொருளிலும் நம் சொல்லாகவே இருப்பது தற்செயலான இனிமை.) கொரியர் செவிக்கோ அவை மூன்றும் வெவ்வேறானவை. நெருப்பைக் குறிப்பது மெல்லிய மூச்சோடும் தாழ்ந்த சுருதியோடும் தொடங்கும். கொம்பைக் குறிப்பது தொண்டையை இறுக்கி, மூச்சு வெளிவராமல் ஒலிப்பது. புல்லைக் குறிப்பது மூச்சு பலமாக வெளிப்பட ஒலிப்பது. இவ்வேறுபாட்டை நூல் சொல்லும். ஆனால் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது எது என்பதை நூல் சொல்லாது. எதிரே ஒருவர் அமர்ந்து கேட்டு, ‘இல்லை, மறுபடியும் சொல்’ என்று கூற வேண்டும். இதுவே தனி ஆசிரியரின் முதற் பயன். நாற்பது பேர் சேர்ந்து ஒலிக்கும் வகுப்பில் இது நடவாது.

ஒலியிலும் சில இடங்களில் தமிழ் கைகொடுக்கிறது. ‘அது’, ‘பாட்டு’ என்பவற்றின் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய உயிர் ஒன்று கொரியத்தில் உண்டு. நாம் ‘பஸ்ஸு’ என்பதுபோல் அவர்கள் ‘பொஸு’ என்கின்றனர். ‘ஹப்னிதா’ என்று எழுதி ‘ஹம்னிதா’ என்றும், ‘சின்ரா’ என்று எழுதிச் ‘சில்லா’ என்றும் படிப்பது ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைத் திகைக்க வைக்கும். கல்லும் மலையும் சேர்ந்து ‘கன்மலை’ ஆவதைக் கற்ற பிள்ளைக்கு, ஒலிகள் சேருமிடத்தில் திரியும் என்பது புதிய செய்தி அன்று. விதிகள் வேறு, கருத்து ஒன்றே.

இரண்டாவதாக, மரியாதைக்கு ஆசிரியர் வேண்டும். கொரியத்தில் மரியாதை இரண்டு தராசுகளில் நிறுக்கப்படுகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஒன்று. யாரிடம் பேசுகிறோம் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கங்கள் வேண்டும். நம் பேச்சு வழக்கிலோ இரண்டே வாக்கியங்கள் போதும். ‘தாத்தா வந்தாருடா’ என்னும்போது தாத்தாவுக்கு மரியாதை உண்டு, கேட்பவனுக்கு இல்லை. ‘தம்பி வந்தானுங்க’ என்னும்போது தம்பிக்கு இல்லை, கேட்பவருக்கு உண்டு. இந்த ‘ங்க’ செய்யும் வேலையைத்தான் கொரியத்தில் ஈற்றில் வரும் ‘யோ’ செய்கிறது. ‘ஏனுங்க?’ என்பது ‘வேயோ?’, ‘எப்பங்க?’ என்பது ‘ஒன்ஜேயோ?’. பெரியவர் உறங்குவதற்கும் சிறியவர் உறங்குவதற்கும் அங்கே வெவ்வேறு சொற்கள். இறப்பையும் பெரியவருக்குச் சொல்லும்போது ‘திரும்பிப் போனார்’ என்னும் பொருள்படவே சொல்கின்றனர்; நாம் ‘காலமானார்’ என்பது போல.

தொடர்நாடகம் பார்த்தே மொழி கற்கும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடமும் இதுவே. நாடகத்தில் காதலரும் தோழரும் தம்முள் பேசுவது, ‘யோ’ இல்லாத ஒருமைப் பேச்சு. அதையே மனப்பாடம் செய்த இளைஞர், நேர்முகத் தேர்வில் வயதில் மூத்த அதிகாரியிடம் பேசிவிட்டால் அவர் முகம் சுளிப்பார். அது இலக்கணப் பிழையாக அன்று, பண்புப் பிழையாகவே கொள்ளப்படும். இன்னாரிடம் இன்ன ஈறு என்பதை, ஆசிரியர் தாமே மேலதிகாரியாகவும் கடைக்காரராகவும் பாட்டியாகவும் நடித்துப் பழக்க வேண்டும்.

தமிழ் துணை செய்யாத இடங்களும் உண்டு. நம் வினைமுற்று, செய்தவர் தன்மையா முன்னிலையா படர்க்கையா என்று காட்டிவிடும். கொரிய வினை காட்டாது. ‘காயோ’ என்றால் போகிறேன், போகிறாய், போகிறாள் எல்லாமே. இடம் நோக்கி உணர வேண்டும். நம் எழுவாய் உருபின்றி நிற்கும். அங்கே ‘இ, கா’ என ஓர் இணையும், ‘உன், நுன்’ என மற்றோர் இணையும் உண்டு. எப்போது எது என்பது நெடுநாள் பழக்கத்தால் வருவது. எண்ணுப்பெயரும் இரண்டு வரிசை: நாட்டு எண்ணும், சீனத்திலிருந்து வந்த எண்ணும். மணியை முன்னதாலும் நிமிடத்தைப் பின்னதாலும் சொல்வர். தேதியை ஒன்று, இரண்டு என்றும் திதியைப் பஞ்சமி, சஷ்டி என்றும் எண்ணும் நமக்கு இது விளங்காததன்று. ஆயினும் பயிற்சி வேண்டும். தனிப்பாட நேரத்தை இவற்றுக்கே செலவிடுக.

இனி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறை. கொரியம் கற்ற இந்தியர், பிள்ளை எங்கே தடுமாறும் என்பதைத் தாமே பட்டறிந்தவர், தொடக்கத்துக்கு ஏற்றவர். கொரியராகவே பிறந்தவர் செவிக்கும் மரியாதைக்கும் சிறந்தவர். ஆறு மாதம் சென்றபின் அவரை நாடலாம். டெல்லியில் 2012-இல் தொடங்கப்பட்ட கொரியப் பண்பாட்டு மையமும் சென்னையில் இன்கோ மையமும் கொரிய மொழி வகுப்புகளை நடத்துகின்றன. இலக்கணத்தை அத்தகைய வகுப்பில் கற்று, வாரம் ஒரு மணி மட்டும் தனியாசிரியரிடம் பேசிப் பழகுவது செலவைக் குறைக்கும். கட்டணத்தை ஆண்டுக்கு மொத்தமாக முன்கூட்டிக் கொடாமல் மாதந்தோறும் கொடுங்கள். முதல் மாத முடிவில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வகுப்பில் அதிகம் பேசியவர் யார், பிள்ளையா ஆசிரியரா? பிள்ளையின் குறிப்பேட்டில் சொல்வதெழுதலும் திருத்தக் கோடுகளும் உள்ளனவா? இரண்டுக்கும் விடை நன்றாக இல்லையெனில் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.

டோபிக் என்னும் கொரிய மொழித் திறன் தேர்வு 1997 முதல் நடைபெறுகிறது. முதற் பிரிவில் இரண்டு நிலைகள், இரண்டாம் பிரிவில் நான்கு நிலைகள். முதற் பிரிவு 200 மதிப்பெண். 80 பெற்றால் முதல் நிலை, 140 பெற்றால் இரண்டாம் நிலை. அதில் கேட்டலும் படித்தலும் மட்டுமே உண்டு. எழுதுதலும் பேசுதலும் இல்லை. ஆகவே அச்சான்றிதழை மட்டும் கண்டு, பிள்ளை பேசக் கற்றுவிட்டதென மகிழ்ந்துவிட வேண்டா. சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கே செல்லும் என்பதையும் கருத்தில் வைத்து, தேவைப்படும் காலத்தை ஒட்டித் தேர்வு எழுதச் செய்யுங்கள்.

கொரியம் ஓரெழுத்தும் அறியாத பெற்றோர் இதில் செய்யக்கூடியது யாது? வீட்டில் தமிழை முழு வாக்கியமாகப் பேசுவதே. ‘தாத்தா வந்தார்’ என்றும் ‘வாங்க, உட்காருங்க’ என்றும் நாள்தோறும் சொல்லி வளரும் பிள்ளைக்குக் கொரிய மரியாதையின் பாதி முன்பே பழக்கமாகியிருக்கும். வினையை ஆங்கிலத்தில் சொல்லி ‘பண்ணு’ என்று ஒட்டவைக்கும் பேச்சில் ‘செய்து பார்’, ‘செய்து கொடு’ என்னும் நுட்பங்கள் மங்கிவிடுகின்றன. அவற்றையே பின்னர் வேற்றுமொழியில் காசு கொடுத்துக் கற்க நேரிடுகிறது. பிள்ளை கொரியப் பாடத்தை முடித்து எழுந்ததும், அன்று கற்ற ஐந்து வாக்கியங்களைத் தமிழில் சொல்லிக் காட்டும்படி கேளுங்கள். சொல் வரிசை எங்கே ஒத்தது, எங்கே வேறுபட்டது என்று அதுவே உங்களுக்கு விளக்கட்டும். அந்தக் கால்மணி நேரத்தில் கொரியமும் உறுதிப்படும். தமிழும் வீட்டில் நிலைக்கும். நம் அன்பர்கள் இன்றிரவே தொடங்குவார்களாக.