பட்டாபிக்கு என்ன வேணும்?

ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பாருங்க. நீங்க பார்க்கிற ஃபேமிலி காமெடி சீரியலில் ஒரு துணைப் பாத்திரத்தை எடுத்துக்கோங்க. ஹீரோவும் ஹீரோயினும் அந்த சீனில் இல்லைன்னா அவர் என்ன பண்ணிட்டு இருப்பார்? பதில் உடனே வந்தா அது ஸ்ட்ராங் கேரக்டர். வரலைன்னா, சோபா மாதிரி அவரும் செட்டில் ஒரு பொருள்.

சன் டிவியில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வின் தலைப்பில் இருப்பது ரெண்டு பாப்பாக்கள். ஆனா எங்க வீட்டில் இன்னைக்கும் எல்லாரும் சொல்ற பேர் பட்டாபிதான். அவருக்குக் காது மந்தம். காதை வெச்சு காமெடி பண்றது அரதப்பழசு. காது கேட்காத ஒருத்தரைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டுப் பார்த்தா எனக்கும் முழுசா சிரிப்பு வராது. அதையும் தாண்டி அந்தப் பாத்திரம் நிக்குதுன்னா காரணம் எம்.எஸ். பாஸ்கர். தப்பா காதில் விழுந்ததைக்கூட நூறு சதவீதம் சரின்னு நம்பி நடிப்பார். தான் சரின்னு நிரூபிக்கணும்ங்கிற ஆசை பட்டாபிக்கு உண்டு. நாம சிரிக்கிறது அந்த வீறாப்பைப் பார்த்து.

அமெரிக்காவில் 1996 முதல் 2005 வரை வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்'டிலும் இதே கதைதான். ரேமண்டின் அண்ணன் ராபர்ட் ஒரு போலீஸ்காரர். அம்மாவுக்குத் தம்பியைத்தான் பிடிக்கும்னு அவருக்கு ஆயுசு முழுக்க மனக்குறை. சீரியலின் தலைப்பே அவரோட புலம்பல்தான்!

இப்போ வீக் கேரக்டருக்கு வருவோம். வீட்டு வேலைக்காரர், வாட்ச்மேன், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர். இவங்களுக்குப் பெரும்பாலும் ஆசை, கோபம் எதுவும் எழுத மாட்டாங்க. ஒரு 'வில்லேஜ் ஸ்லாங்' மட்டும் கொடுத்து விட்டுடுவாங்க. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே ஆயிடுச்சு. டிவி காமெடியில் நம்ம பக்கத்துப் பேச்சு மட்டும் இன்னும் வேலைக்காரர் வாயை விட்டு நகரலை. கல்வராயன் மலைக்காரர்னா இன்னும் மோசம், தேன் விக்கத்தான் வருவார்.

இது டிவியோட முடிஞ்சா பரவாயில்லை. ஃபர்ஸ்ட் இயரில் வெள்ளிமலைப் பக்கத்து நண்பன் ஒருத்தன் செல்ஃப் இன்ட்ரோ கொடுத்தப்போ கிளாஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன். எங்க கேங்கில் மூணு வருஷம் அவன் காமெடி பீஸ். போன செமஸ்டரில்தான் "உனக்கு என்னடா பிளான்?"னு கேட்டேன். மழை வந்தா அவங்க ஊரில் கரன்ட் போயிடுமாம், ஈபியில் ஏ.இ. ஆகணுமாம். ட்ரிபிள்-ஈ எடுத்ததே அதுக்காகத்தானாம். அந்த கிளாஸில் காரணத்தோட பிராஞ்ச் எடுத்தவன் அவன் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன்.

'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருதுன்னு 2025-இல் அறிவிச்சாங்க. அதிலும் அவர் பாத்திரத்துக்குன்னு ஒரு பிடிவாதம் இருக்கும்.

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் எழுதுற ஜூனியர்ஸ், ஒரே ஒரு ரிக்வெஸ்ட். வேலைக்காரர் வேஷம் வெச்சா, ஸ்லாங் எழுதுறதுக்கு முன்னாடி அவருக்கு என்ன வேணும்னு ஒரு வரி எழுதிட்டு ஆரம்பிங்க.