துருவைத் தேய்க்கலாம், வடுவைத் தேய்க்கக் கூடாது

பழைய இரும்பைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. 35 வருடம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் முதலில் நீராவி இன்ஜின், பிறகு டீசல் என்று ஓட்டியவனுக்கு அது போகாத பழக்கம். கோயில் தேரின் இரும்பு அச்சைப் பார்த்தாலும் ஒரு தட்டு தட்டி, சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கும்பிடப் போவேன்.

இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருந்தபோது, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, வாங்க" என்று ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போனான். டார்செட் என்ற பகுதியில் பாவிங்டன் என்று ஒரு ஊர். அங்கே இருக்கிறது டாங்கி மியூசியம். முதல் உலகப் போர் முடிந்து வயல்வெளியில் கிடந்த டாங்கிகளை 1923-ல் வந்து பார்த்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், இவற்றை ஒரு மியூசியமாக வையுங்கள் என்று சொன்னாராம். இன்று உலகத்திலேயே பெரிய டாங்கிச் சேகரிப்புகளில் அது ஒன்று.

அங்கே எல்லோரும் பார்க்க வருவது ஒரே ஒரு வண்டியைத்தான். டைகர் 131. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் செய்த கனரக டாங்கி. எடை சுமார் 57 டன், முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர், பீரங்கிக் குழல் 88 மில்லிமீட்டர். இந்த வகையில் மொத்தம் செய்தது சுமார் 1,350. அதில் இன்றும் சொந்த இன்ஜின் பலத்தில் ஓடும் அசல் டைகர் இது ஒன்றுதான் என்கிறார்கள்.

அது ஓடும் நாளாகப் பார்த்துத்தான் மகன் டிக்கெட் வாங்கியிருந்தான். ஓடியது. தரை அதிர்ந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற பேரன் சட்டையை இழுத்து, "தாத்தா, இது நல்ல டாங்கியா, கெட்ட டாங்கியா?" என்று கேட்டான். தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். பழைய போர் வண்டியை எதற்குப் புதுப்பிக்க வேண்டும், எந்த அளவுக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயம் ஒரு தப்புச் செய்துவிட்டு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டியின் கதை. 1943 ஏப்ரலில் துனிசியாவில் நடந்த சண்டையில், பிரிட்டிஷாரின் சர்ச்சில் டாங்கி ஒன்று சுட்ட 6 பவுண்டர் குண்டு இதன் பீரங்கிக் குழலின் அடிப்பக்கத்தில் பட்டுத் தெறித்து, மேல் கோபுரம் திரும்புகிற வளையத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. கோபுரம் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். 100 மில்லிமீட்டர் கவசத்தை உடைக்க முடியாத குண்டு, ஒரு விரலளவு இடுக்கில் போய் வண்டியை நிறுத்திவிட்டது. ஃபிட்டர் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எவ்வளவு பெரிய இயந்திரமும் நிற்பது சின்ன இடத்தில்தான்.

துனிஸ் நகரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் பிரதமர் சர்ச்சிலும் இதைப் பார்வையிட்டார்கள். பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1951-ல் மியூசியத்துக்கு வந்தது. 1990-ல் எடுத்துப் பழுது பார்க்க ஆரம்பித்து, கிட்டத்தட்ட முழுவதையும் கழற்றி மாட்டி, 2003 டிசம்பரில்தான் ஓடும் நிலையில் திரும்பியது. 13 வருடம்!

இதில் ஒரு விஷயம். இந்த வண்டியோடு வந்த அசல் இன்ஜின் மேபாக் எச்.எல். 210. உள்ளே எப்படி இருக்கிறது என்று ஜனங்கள் பார்க்கட்டும் என்று அதை முன்பே யாரோ குறுக்காக அறுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அதனால் மியூசியத்தில் இருந்த இன்னொரு டாங்கியின் எச்.எல். 230 இன்ஜினை எடுத்து இதில் பொருத்தினார்கள். அப்படியானால் ஓடுகிறது டைகர் 131-தானா?

எங்கள் நீராவி இன்ஜின்களில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. ஓவர்ஹாலுக்கு வரும்போது ஒன்றின் பாய்லர் இன்னொன்றுக்குப் போகும். கனெக்டிங் ராடில் மூன்று இன்ஜின் நம்பர் அடித்து, இரண்டை வெட்டியிருப்பார்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வண்டி நாளைக்குப் பாசஞ்சர் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வேலை செய்கிற இன்ஜினுக்கு ஒரு நியாயம், சாட்சியாக நிற்கிற இன்ஜினுக்கு வேறு நியாயம். வேலை செய்கிற இன்ஜினில் எதை மாற்றினாலும் அது வாழ்கிறது. சாட்சியில் எதை மாற்றினாலும் சாட்சியம் ஒரு வரி குறைகிறது.

என் தப்பை இப்போது சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்னால், ஓர் அலுவலக வாசலில் பழைய நீராவி இன்ஜின் ஒன்றை நிறுத்த ஏற்பாடாயிற்று. பெரிய அதிகாரி வந்து திறக்கப் போகிறார், பத்து நாளில் தயாராக வேண்டும். பொறுப்பு என்னிடம். பையன்களை வைத்து கிரைண்டர் போட்டுத் தேய்த்தேன். பள்ளமான இடத்தில் புட்டி. மேலே இரண்டு கோட் கறுப்பு எனாமல், பஃபர் பீமுக்குச் சிவப்பு, ராடுகளுக்கு சில்வர். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து, ரிட்டயரான டிரைவர் ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலது பக்கம் கேபினுக்குக் கீழே கையால் தடவிக்கொண்டே இருந்தார். என்ன அண்ணே தேடுறீங்க என்று கேட்டேன். "இங்க ஒரு ஒட்டுத் தகடு இருக்கும் தம்பி, ரிவிட் அடிச்சது. தடம் புரண்ட அன்னிக்கு ஆன அடி. என் ஃபயர்மேன் போனது அந்த அடியிலதான். பேரனுக்குக் காட்டலாம்னு வந்தேன்" என்றார்.

அந்த ரிவிட் தலைகளைத் தேய்த்தவன் நான். அந்தத் தகட்டின் மேல் புட்டி போட்டு நிரவியதும் நான். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நம்பர் அதேதான். ஆனா இது என் வண்டி இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால்தான் பாவிங்டனில் நான் முதலில் போய்ப் பார்த்தது டைகரின் இன்ஜினை அல்ல, அந்தக் குண்டு பட்ட இடத்தை. வடு அப்படியே இருக்கிறது. புட்டி போடவில்லை, வெல்டிங் வைத்து நிரவவில்லை. பேரனைத் தூக்கிக் காட்டினேன். "நல்லதா கெட்டதான்னு கேட்டியே, கெட்டவங்க செஞ்ச பலமான வண்டி. அதை நிறுத்தின அடி இது" என்றேன். அந்த வடு இல்லாமல் இதைப் பளபளவென்று ஓட்டிக் காட்டினால் அது ஹிட்லர் படைக்கு இலவச விளம்பரம். வடுவோடு காட்டினால் பாடம்.

டைகரைப் பற்றி வாய் பிளப்பவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன் சக்கரங்கள் ஒன்றன் இடுக்கில் ஒன்றாகப் பின்னப்பட்டவை, ஒரு பக்கத்துக்கு 24. உள் சக்கரம் ஒன்று கெட்டால் வெளிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுத்தான் கை உள்ளே போகும். ரஷ்யக் குளிரில் இடுக்கில் சேறு உறைந்து வண்டி நகராது. ரயிலில் ஏற்றினால் வேகனுக்கு மேல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் வெளிச் சக்கரங்களைக் கழற்றி, அகலச் சங்கிலியை எடுத்து, பயணத்துக்கென்றே இருக்கும் குறுகிய சங்கிலியை மாட்ட வேண்டும். இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். வேகனில் சரக்கு ஏற்றிய எந்த ரயில்வேக்காரனும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். ஓட வைத்துப் பராமரிப்பதால்தான் இந்த அவஸ்தையெல்லாம் இன்றைய மெக்கானிக்குகளுக்குக் கைப்பாடமாகத் தெரிகிறது. பொருத்திய இன்ஜின் எப்படித் தேய்கிறது என்பதை உலோக நிபுணர்கள் ஆராய்ந்து, போர்க்காலத்து ஜெர்மன் உலோகக் கலவைகளைப் பற்றியும் தெரிந்துகொண்டார்கள். எனவே ஓட வைப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கட்சி இதுதான். ஒரு வகையில் பல வண்டிகள் மிஞ்சியிருந்தால் ஒன்றை ஓட வையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், ஓட்டுவதை வருடத்தில் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைச் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். எதை எப்போது மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். திரும்பச் சரிசெய்ய முடியாத எதையும் செய்யாதீர்கள். அந்த அசல் இன்ஜினை அறுத்தவரும் நல்ல எண்ணத்தில்தான் அறுத்திருப்பார். நானும் நல்ல எண்ணத்தில்தான் கிரைண்டரை எடுத்தேன்.

அப்படியானால் துருப்பிடிக்க விடச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. துரு என்பது நோய், வடு என்பது சரித்திரம். நம் ஊர்களில் ராணுவம் கொடுத்த பழைய டாங்கிகளைப் பூங்காவிலும் சாலை முனையிலும் வெயிலில் நிறுத்தி, வருடா வருடம் ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிட்டு, பராமரிப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். பெயிண்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். மேலே ஒரு கூரை, உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர் வடிய வழி, மூடிகளுக்கு ரப்பர், அசையும் இடங்களுக்கு கிரீஸ். இந்த நான்கும் அந்தப் பெயிண்டை விட முக்கியம். குண்டு துளைத்த இடம் இருந்தால் அதைப் பூசி மறைக்காமல், பக்கத்தில் ஒரு பலகை வைத்து என்ன நடந்தது என்று தமிழில் எழுதுங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. டைகரை உலகமே தெரிந்து வைத்திருக்கிறது. அதே போரில் நம் நாட்டிலேயே 4,000-க்கும் மேற்பட்ட கவச வண்டிகள் செய்யப்பட்டன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேஸிஸ் கனடாவிலிருந்து வந்தது. கவசத் தகடு டாடா இரும்பாலையில் செய்தது. பாடி கட்டியவர்கள் நம் ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள். டாடாநகர் என்றே அதற்குச் செல்லப்பெயர். வட ஆப்பிரிக்கா, இத்தாலி வரை போய்ப் போரிட்டது. நம் பொன்மலை ஒர்க்ஷாப்பில் அந்தக் காலத்தில் போர் விமானங்களைக்கூடப் பழுது பார்த்திருக்கிறார்கள்.

துனிசியாவில் ஜெர்மன் தளபதி வான் ஆர்னிம் 1943 மே மாதம் சரணடைந்தது 4-வது இந்திய டிவிஷனிடம். அதில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். டாங்கி போகும் பாதையில் கண்ணிவெடியைக் கையால் தேடி எடுத்தவர்கள் இந்த மாதிரி ஆட்கள்தான். அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், நம் தமிழ்நாட்டுக்காரர், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மிக்னானோ அருகே வெடிக்கப் போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். டைகரின் நம்பர் 131 என்று சொல்லத் தெரிந்த என் பேரனுக்கு இந்தப் பெயர் தெரியாது. அது அவன் தப்பில்லை, சொல்லாத என் தப்பு. அன்று காரில் திரும்பி வரும்போது சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ போர்க்காலத்தில் பட்டறையிலோ படையிலோ வேலை பார்த்திருக்கலாம். பரணில் ஒரு பழைய சர்வீஸ் புத்தகம், பித்தளை டோக்கன், வேலைச் சீட்டு, குரூப் போட்டோ கிடக்கும். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். போட்டோவின் பின்னால் யார் யார் என்று பென்சிலில் எழுதுங்கள். டோக்கனைப் பளபளப்பாக்க புளி போட்டுத் தேய்க்காதீர்கள், நம்பர் மழுங்கிவிடும்.

அந்த டிரைவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. இன்ஜின் இன்னும் அதே வாசலில் நிற்கிறது. எத்தனையாவது கோட் பெயிண்டோ, தெரியவில்லை. போன மாதம் அந்த வழியாகப் போனபோது வலது பக்கம் கேபினுக்குக் கீழே நானும் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.