கூலி கொடுப்பவர் சரீரத்துக்கு எஜமான் அல்லர்



இவ்வாரத் தியானத்துக்குரிய வேதபகுதிகள் தானியேல் முதலாம் அதிகாரமும், 1 கொரிந்தியர் 6:19, 20 வசனங்களும் ஆகும். அவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடரும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நமக்குக் கூலி கொடுப்பவருக்கு நம் சரீரத்தின்மேல் எவ்வளவு அதிகாரம் உண்டு? எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது கழிப்பறைக்குப் போவது, வலி வந்தால் எந்த மாத்திரையை விழுங்குவது, வேலை முடிந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கையில் எதை உண்பது, எதை விலக்குவது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமையும் உழைப்போடு சேர்த்து விற்கப்பட்டுவிட்டதா?

இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. அன்னவாசலையும் இலுப்பூரையும் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் வயல் வேலை இல்லை. பிள்ளைகள் நூற்பாலைக்கும் பின்னலாடைக் கம்பெனிக்கும் புறப்படுகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் நம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆகவே அங்கே அவர்களுடைய சரீரத்துக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

2019-ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னபோது வேலைத்தலத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். அது என்ன மருந்து, அதனால் என்ன பின்விளைவு வரும் என்று சொல்வாரில்லை. பலருக்கு மாத்திரையைக் கொடுத்தவர் மருத்துவர் அல்லர், மேற்பார்வையாளர். வலியோடு ஓய்ந்து உட்கார்ந்தால் அன்றைய டார்கெட் முடியாது, கூலி குறையும். ஆகவே விழுங்கினார்கள். அந்த மாத்திரையின் நோக்கம் நோயாளியைக் குணமாக்குவதன்று, தையல் இயந்திரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதே.

அதே 2019-இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி அம்மாநில அரசின் குழு ஆராய்ந்தது. விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000-க்கும் அதிகமானோர் கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் கட்டவேண்டும். மாதந்தோறும் வரும் வலியும், கரும்புக் காட்டில் கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத நிலையும், பணத்தாசை கொண்ட மருத்துவமனைகளும் சேர்ந்து அவர்களை அறுவைசிகிச்சைக்குத் தள்ளின. அரிவாளைப் பிடித்த கைக்குக் கூலி பேசியவர்கள் கடைசியில் கர்ப்பப்பையையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட கொடுமையைக் கண்டிப்பது நமக்கு எளிது. இதே அதிகாரம் நன்மையின் வேடத்தில் வரும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். ஜார்க்கண்ட் அரசு, புகையிலையை எவ்வடிவிலும் பயன்படுத்தமாட்டோம் என்று தன் ஊழியர்கள் 2021 ஏப்ரல் 1 முதல் உறுதிமொழிப் பத்திரம் அளிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. ஜப்பானில் 2008 முதல், 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களின் இடுப்பை ஆண்டுதோறும் அளக்கும் முறை நடைமுறையில் உள்ளது. ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 சென்டிமீட்டர் என்று வரம்பும் வகுத்திருக்கிறார்கள். நல்லதுதானே என்று நம்மில் அநேகர் சொல்லுவோம். புகையிலையையும் மதுவையும் எதிர்த்துப் பிரசங்கிக்கிற நாம், நம் பிரசங்கத்தால் ஆகாததை ஓர் அரசாணை முடித்துவைக்கிறது என்று மகிழவும் கூடும்.

அந்த மகிழ்ச்சியைக் குறித்து எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். நமக்கு முன்னே ஒரு போதகர் அந்த வழியில் நடந்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் 1914-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு தம் கார் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் வருமானம் என்று அறிவித்தார். அதன் பெரும்பகுதி நன்னடத்தைக்கான பங்கு. நன்னடத்தையை அறிய ஒரு தனித் துறை ஏற்பட்டது. அதன் ஆய்வாளர்கள் தொழிலாளரின் வீடுகளுக்கே சென்று, குடிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணம் சேமிக்கிறானா என்று விசாரித்து எழுதிவைத்தார்கள். 1915-இல் அத்துறைக்குத் தலைவரானவர் டெட்ராய்ட் நகரப் பேராலயம் ஒன்றின் குரு, சாமுவேல் மார்க்விஸ். நல்லெண்ணத்தோடுதான் போனார். 1921-இல் அந்த நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். இந்தச் சரித்திரத்தில் நான் கவனிப்பது ஒன்றே. கதவைத் தட்டுகிறவன் கையில் சம்பளப் பதிவேடு இருக்குமானால், அவன் போதகனாயிருந்தாலும் வீட்டுக்காரன் காண்பது மேய்ப்பனை அன்று, கண்காணியையே.

மது கூடாது, புகையிலை கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவை நம் தெருக்களில் எத்தனை தாலிகளை அறுத்தன என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் கேட்கிறேன்: 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்கும் தனி உரிமை யாருடையது? அரசுக்குச் சொந்தமான டாஸ்மாக் நிறுவனத்துடையது. ஒரு கையால் புட்டியை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டு, மறு கையால் உழைக்கிறவனின் ஒழுக்கத்தை அளக்க எந்த அரசுக்கும் தகுதி இல்லை. கழிப்பறை இடைவேளையைக் கடிகாரம் வைத்து எண்ணும் முதலாளிக்கும் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசத் தகுதி இல்லை. ஆரோக்கியத்தில் உண்மையான அக்கறை இருந்தால் அது வேலைத்தலத்தில் தொடங்கவேண்டும். தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் தொடங்கலாகாது.

அப்படியானால் எந்தக் கட்டுப்பாடும் கூடாதா? அப்படியன்று. பேருந்து ஓட்டுநர் குடித்துவிட்டு வண்டியில் ஏறலாகாது. தடுப்பது நியாயம், ஏனெனில் ஐம்பது பேரின் உயிர் அவர் கையில் இருக்கிறது. கொரோனாத் தடுப்பூசி குறித்து 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இந்த எல்லையையே காட்டியது. ஒருவரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வைக்க இயலாது, சரீரத்தின்மேலுள்ள உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. ஆனால் பொதுமக்களின் நலனுக்காக அளவோடு கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. பிறனுக்கு ஆபத்து வரும் இடத்தில் சட்டம் நிற்கட்டும். அந்த ஆபத்து இல்லாத இடத்தில் ஆலோசனையும் அன்பும் மட்டுமே நுழையலாம்.

இப்போது தானியேலிடம் வருவோம். பாபிலோனின் ராஜா அந்த வாலிபருக்குத் தன் பந்தியிலிருந்தே நாள்தோறும் உணவும் திராட்சரசமும் நியமித்தான். தீமை செய்ய நினைத்தல்ல, அவர்கள் நன்றாக வளர்ந்து தன் அரமனையில் சேவிக்கவேண்டும் என்றே நினைத்தான். அவர்கள் முகம் வாடினால் தன் தலை போகுமே என்று அதிகாரி பயந்தான். தானியேல் ராஜாவின் வேலையை மறுக்கவில்லை. ராஜாவின் தட்டைத்தான் மறுத்தான். பத்து நாள் பருப்பும் தண்ணீரும் தந்து சோதித்துப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டான். கேட்கப்பட்டவனும் அதற்கு இணங்கினான். முடிவில் ராஜா எதைச் சோதித்தான்? அவர்கள் என்ன தின்றார்கள் என்பதையன்று, அவர்களுடைய ஞானத்தையும் திறமையையும் சோதித்தான். வேலை கொடுத்தவன் சோதிக்கவேண்டியது வேலையையே. தட்டு தானியேலுக்கும் அவனுடைய தேவனுக்கும் இடையிலான காரியம்.

சிலர் என்னிடம் கேட்பார்கள்: சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் அல்லவா, நாம் நமக்குச் சொந்தமானவர்கள் அல்லவே, அப்படியிருக்க எங்கள் சரீரம் எங்கள் உரிமை என்று எப்படிச் சொல்லலாம்? நல்ல கேள்வி. ஆனால் பவுல் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்தலாகாது. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில் (7:23), கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் மனுஷருக்கு அடிமையாகவேண்டாம் என்று அவர் போதிக்கிறார். நம்மைக் கொண்டவர் கிறிஸ்துவே என்றால், மாதச் சம்பளம் அந்தக் கிரயத்துக்கு மேலான விலை ஆகாது. ஆலயத்தைச் சுத்தமாக வைப்பது நம் கடமை. அதன் சாவியைக் கங்காணியிடம் கொடுப்பது நம் கடமை அன்று. பிலேமோன் என்னும் எஜமானுக்கு எழுதும்போதுகூட, கட்டளையிடும் தைரியம் தமக்கு இருந்தும், நன்மை கட்டாயத்தால் அன்றி மனப்பூர்வமாய் வரவேண்டும் என்றே பவுல் விரும்பினார்.

நம் ஊருக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சமண முனிவர்களுக்காகக் கல்லில் செதுக்கிய பதினேழு படுக்கைகள் அங்கே உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான எழுத்தும் அங்கே உண்டு. அவர்களுடைய மார்க்கம் வேறு, நம் விசுவாசம் வேறு. ஆயினும் அந்தக் கற்கள் ஒன்றைச் சொல்லுகின்றன. அந்தக் கடினப் படுக்கையில் அவர்கள் தாங்களே விரும்பிப் படுத்தார்கள். கூலியை இழப்போம் என்ற பயத்தில் செய்யும் துறவு துறவு ஆகாது.

ஆகவே தொழில் நடத்தும் சகோதரருக்குச் சொல்லுகிறேன். குடிநீரும் கழிப்பறையும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கட்டளையாக எழுதப்பட்டன. 500-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் மருத்துவப் பணியாளரோடு கூடிய சிகிச்சை அறை வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடைகளில் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தியது. துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் மகளுக்கு ஒரு ஸ்டூல் போட்டீர்களா? அதற்குப் பிறகு அவளுக்கு ஆரோக்கியத்தைப் பற்றிப் புத்தி சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள். இது என்ன மருந்து என்று கேளுங்கள். கேட்பது கீழ்ப்படியாமை அன்று. தானியேலும் கேட்டான். தனியே கேட்கப் பயமாயிருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். அவனும் மூன்று தோழரோடுதான் இருந்தான். பெற்றோரே, மகள் போனில் பேசும்போது பணம் வந்ததா என்பதற்கு முன்னே உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் ஆண்டவர் யவீருவின் வீட்டுக்கு அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்தார். ஒரு சிறுமி மரணத்தறுவாயில் இருந்தாள். அந்த அவசரத்திலும் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஒரு பெண்ணுக்காக அவர் நின்றார். அவள் சொல்லுவதை முழுவதும் கேட்டார், மகளே என்று அழைத்தார். ஒரு பெண்ணின் வலிக்காக உயிர் காக்கும் வேலையையே அவர் நிறுத்தினார் என்றால், எந்த ஆலையின் இயந்திரம் அதைவிட அவசரமானது?

ஜெபிப்போம். பிதாவே, எங்கள் சரீரங்களை உண்டாக்கினவரே, தூரத்து ஆலைகளில் உழைக்கிற எங்கள் பிள்ளைகளின் சரீரத்தைக் காத்தருளும். எஜமான்களுக்குப் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டென்று உணர்த்தும். கேட்கத் தைரியத்தையும், பிறனைக் கட்டாயப்படுத்தாத அன்பையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.