ரத்தக்கறை இல்லாத மண்

மாண்புமிகு தமிழ்நாடு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசுத் தரப்பில் பல ஆண்டுகள் வழக்கு நடத்தி, இப்போது கறுப்பு அங்கியை ஆணியில் மாட்டிவிட்டவன் எழுதும் மடல் இது. எனக்காக எதுவும் கேட்கவில்லை. தடய அறிவியலையும் குற்றவியலையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் ஒரு படிப்பு நம் மாநிலத்தில் வேண்டும் என்று கேட்கிறேன்.

கொலை வழக்குக் கட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இரண்டு சிறிய டப்பாக்கள் நன்றாகப் பழக்கம். சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் மகஜர் என்ற ஆவணம் எழுதி எடுத்தவை. ஒன்றில் ரத்தக்கறை படிந்த மண். மற்றதில் ரத்தக்கறை இல்லாத மண். ஒரு கோடை விடுமுறையில் என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த குற்றவியல் மாணவி அந்த மகஜரைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ரத்தம் இல்லாத மண்ணை எதுக்கு சார் எடுத்திருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த தடய அறிவியல் மாணவர் பதில் சொன்னார். துருவும் செடிச்சாறும்கூடச் சில முதற்கட்டச் சோதனைகளில் ரத்தம் போலவே நிறம் காட்டும். அதே இடத்துச் சாதாரண மண்ணையும் சோதித்துப் பார்த்தால்தான், காட்டியது ரத்தமா மண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியும். மாணவி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கணக்கு நேரானது. ஒரு பாலியல் வன்முறை வழக்கின் கட்டு மேசையில் இருந்தது. "மூணு நாள் கழிச்சு எதுக்கு சார் புகார் கொடுத்தாங்க? அன்னைக்கே வந்திருந்தா சாம்பிள் கிடைச்சிருக்குமே" என்றார் அந்த மாணவர். இப்போது மாணவியின் முறை. செய்தவன் சொந்தக்காரன். வீட்டுப் பெரியவர்கள் முதலில் பஞ்சாயத்து பேசியிருப்பார்கள். காவல் நிலையத்துக்குத் துணைக்கு வர ஆள் கிடைத்திருக்காது. மூன்று நாளில் வந்ததே பெரிது என்று பொறுமையாகச் சொன்னார். ஆனால் அதே கட்டில் இருந்த ஆய்வக அறிக்கையில் 'விந்தணு காணப்படவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. வழக்கே போயிற்று என்று நினைத்துவிட்டார். "மூணு நாள் ஆயிருக்கு, குளிச்சிருக்காங்க, துணியைத் துவைச்சிருக்காங்க. கிடைக்கலைன்னா நடக்கலைன்னு அர்த்தம் இல்லை" என்று அவரைத் தேற்றியவர் அந்த மாணவர்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவருடைய பாடத்தை மற்றவருக்கு நடத்தினார்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்யாததை அந்த பெஞ்சு இரண்டு நாளில் செய்தது.

அமைச்சர் அவர்களே, இந்த இரண்டு துறைக்கும் நம் ஊர் புதிதல்ல. வேதியியல் பரிசோதகரின் ஆய்வகம் சென்னையில் 1849-லேயே நிறுவப்பட்டது. இன்றைய தடய அறிவியல் துறையின் வேர் அதுதான். குற்றவியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தனித் துறைகள் இருக்கின்றன. இரண்டும் இருந்தும் இரண்டுக்கும் நடுவில் நடைபாதை இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் 1959-லேயே 'குற்றவியல் மற்றும் தடய அறிவியல்' என்று இரண்டையும் ஒரே துறையாக வைத்துத் தொடங்கியது. சாகரில் அன்று முடிந்தது இங்கே இன்று முடியாதா?

சேர்த்துப் படிப்பதால் என்ன லாபம் என்று நிதித் துறை கேட்கும். நான் தோற்ற ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். ரத்தம் தோய்ந்த லுங்கி ஒன்று, காயவைக்காமல் ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டப்பட்டு, அரக்கு முத்திரையெல்லாம் ஒழுங்காக வைத்து, பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் நீதிமன்றம் வந்து, அங்கிருந்து ஆய்வகம் போனது. ஈரமான துணியைக் காற்றுப் புகாத பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், ரத்தம் கெடும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதிய வேண்டும். 'மனித ரத்தம், பிரிவு கண்டறிய இயலவில்லை' என்று அறிக்கை வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. முத்திரையில் தவறில்லை, ஆய்விலும் தவறில்லை. எடுத்தவருக்கு ஆய்வகம் தெரியாது, ஆய்ந்தவருக்குக் களம் தெரியாது. தீர்ப்பு நாளன்று இறந்தவரின் தாயார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அந்த லுங்கி எங்க சாமி போச்சு?"

ஆய்வகம் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஒரு பையில் கிடைத்த கைரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. ஒத்துப்போகவில்லை என்று ஸ்பெயின் காவல்துறை சொல்லியும் கேட்கவில்லை. அவர் இரண்டு வாரம் அடைபட்டுக் கிடந்தார். பிறகு ஸ்பெயின் அந்த ரேகைக்கு உரிய வேறொருவரைக் கண்டுபிடித்தது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. முதலில் ஏமாற்றியது இரண்டு ரேகைகளுக்கும் இருந்த அரிய ஒற்றுமை. ஆனால் ஸ்பெயின் மறுத்த பிறகும் பிடிவாதம் தளராததற்கு, அந்த வழக்கறிஞர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்ற செய்தியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அமெரிக்க நீதித் துறையின் விசாரணை அறிக்கை பின்னர் சொன்னது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் பார்ப்பது மனிதக் கண்தான். அந்தக் கண்ணில் என்னென்ன படிந்திருக்கும் என்று சொல்லித்தருவது குற்றவியல்.

நம் நாட்டிலேயே, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு 'இருவிரல் சோதனை' மருத்துவ அறிவியல் என்ற பெயரில் எத்தனை காலம் நடந்தது! பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய ஊர்ப்பேச்சுதான் மருத்துவச் சான்றிதழாக வேடம் போட்டு நீதிமன்றம் வந்தது. அது பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் செய்பவர் முறைகேடான நடத்தைக்குப் பொறுப்பாவார் என்று 2022-ல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வு செய்யும் கையும் சமூகத்தைப் படித்த மூளையும் ஒருவரிடமே இருந்திருந்தால், இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே போய்ச் சான்று சேகரிக்க வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். 2029 தொலைவில் இல்லை. வெள்ளைக் கோட்டோடு மேசைக்குப் பின்னால் இருந்தவர், இனி இழவு வீட்டுக்குள் நுழையப் போகிறார். அங்கே அழுகை இருக்கும், கூட்டம் இருக்கும், தடயத்தின்மேல் கால் வைக்கும் உறவினர் இருப்பார். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது எந்த வேதியியல் புத்தகத்திலும் இல்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இப்படிப் படிப்பவன் அரைக் கிணறு தாண்டியவனாகப் போய்விடுவான், வேதியியலும் முழுதாக வராது, சமூகவியலும் வராது என்பார்கள். பிரிட்டன் இதில் சூடுபட்டது. தொலைக்காட்சித் தொடர் மோகத்தில் தடய அறிவியல் படிப்புகள் பெருகின. அவற்றில் பல மாணவர்களை வேலைக்குத் தயார் செய்யவில்லை என்று 2005-ல் நாடாளுமன்றக் கீழவையின் அறிவியல் குழு கண்டித்தது. ஆகவே பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய படிப்பு வேண்டாம். என் வேண்டுகோள்கள் நான்கு.

முதலாவது, இது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பாக இருக்கட்டும். வேதியியலிலும் உயிரியலிலும் புள்ளியியலிலும் சலுகை கூடாது. கடைசி ஆண்டில் ஆய்வகம், களம் என்று கிளை பிரியலாம். ஆனால் இரு கிளையினரும் ஒரே வழக்குக் கட்டைச் சேர்ந்தே படிக்க வேண்டும்.

இரண்டாவது, வளாகத்தில் ஒரு சாதாரண ஓட்டு வீடு கட்டுங்கள். அடுப்படி, கட்டில், கொல்லைப்புறம் எல்லாம் இருக்கட்டும். மாணவர்கள் அங்கே மகஜர் எழுதி, அதன்மேல் ஒரு மாதிரி நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைச் சந்திக்கட்டும். கூண்டில் ஏறித் தடுமாறுவதைப் படிக்கும்போதே தடுமாறி முடித்துவிடலாம்.

மூன்றாவது, பாட நூல்கள் தமிழிலும் வரட்டும். மகஜர் தமிழில், ஆய்வக அறிக்கை ஆங்கிலத்தில், சாட்சி பேசுவது வட்டாரப் பேச்சில் என்றிருக்கும் ஒரு வழக்கில், சொல் மாறும் இடத்தில் பொருளும் மாறிவிடுகிறது.

நான்காவதுதான் முக்கியமானது. பல்கலைக்கழகங்கள் உங்கள் துறையில், தடய அறிவியல் துறையோ உள்துறையில். இரு துறைச் செயலாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்தப் பட்டத்தின் பெயரைப் பணி விதிகளில் எழுத வேண்டும். 'இணையான படிப்பு' என்று சான்றிதழ் வாங்க எந்தப் பிள்ளையும் அலையக் கூடாது.

அந்த இரண்டு டப்பாக்கள்தான் இப்போதும் கண்முன் நிற்கின்றன. ஆய்வகம் கறை படிந்த மண்ணைப் பார்க்கிறது. குற்றவியல் அதைச் சுற்றியுள்ள சாதாரண மண்ணை, அந்தக் கறை விழுந்த ஊரை, வீட்டை, சாதியை, வறுமையைப் பார்க்கிறது. ஒரு டப்பாவை மட்டும் அனுப்பினால் ஆய்வகம் திருப்பிக் கேட்கும். நாம் பிள்ளைகளை மட்டும் ஒரு டப்பாவோடு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
அரசுத் தரப்பின் பழைய வழக்கறிஞர் ஒருவர்