கதைகளிற் பேச்சு

நமது கலாசாலை மலருக்கு மாணவ நண்பர்கள் எழுதித் தரும் சிறுகதைகளைப் படித்துப் பார்க்கும் கடமை சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. அவற்றுட் பல கதைப்போக்கிற் குறைவுடையன அல்ல. ஆயினும், பாத்திரங்கள் வாய் திறந்த மாத்திரத்தில் கதை உயிரிழந்து விடுகிறது. அண்மையில் ஒரு கதை கண்டேன். காங்கயத்துக்கு அருகில் ஒரு தோட்டம்; மழை பொய்த்த ஆண்டு; தகப்பனார் மாட்டை விற்று மகனைப் படிக்க அனுப்புகிறார். இதுகாறும் நன்று. வழியனுப்பும்போது அவர், "மகனே! கல்வியே அழியாச் செல்வம். அதனைப் பெற்று நம் குலப் பெருமையை நிலைநாட்டுவாயாக" என்று மொழிகிறார்!

எழுதிய மாணவரை அழைத்து, "உம் தகப்பனார் இப்படிப் பேசுவாரோ?" என்று வினவினேன். அவர் தலைகுனிந்து, "இல்லீங்கய்யா. அவரு பேசறதை எழுதுனா எல்லாருஞ் சிரிப்பாங்க" என்றார். அவ்விடையே இக்கட்டுரைக்குக் காரணம். தம்மைப் பெற்றவர் பேச்சு அச்சேறத் தகாதது என்னும் எண்ணம் ஓர் இளைஞர் உள்ளத்தில் எவ்வாறு புகுந்தது? நாமே அதனைப் புகுத்தினோம். யான் மாணாக்கனாயிருந்தபோது என் கட்டுரையில் "ஒறம்பரை" என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, "விருந்தினர்" என்று திருத்தினார் ஓர் ஆசிரியர். கட்டுரைக்கு அத்திருத்தம் பொருந்தும். கதையிற் பேசும் ஒரு கிழவியின் வாய்க்கும் அது பொருந்துமென்று நெடுங்காலம் நம்பியிருந்தேன், அதுவே பிழை.

வட்டாரப் பேச்சை எழுத்திற் சேர்த்தால் தமிழின் தூய்மை கெடும் என்பார் உளர். தொல்காப்பியனாரோ செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். செய்யுளுக்கே அவ்வுரிமை உண்டெனில், மக்கள் வாழ்வை உரைக்கப் புகுந்த உரைநடைக் கதைக்கு அதனை மறுத்தல் எங்ஙனம் கூடும்? தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. 1890-களில் ராஜமையர் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதியபோதே மதுரைச் சீமை வீடுகளின் பேச்சு கதைக்குள் நுழைந்துவிட்டது. பின்னர்ப் புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைச் சிறுகதையிற் கையாண்டார்.

நம் கொங்கு நாட்டின் முறை 1942-இல் வந்தது. கீரனூரிற் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் தமது "நாகம்மாள்" நாவலை அவ்வாண்டில் வெளியிட்டார். அவர் பிறந்தது 1917. ஆகவே அப்போது ஏறக்குறைய இருபத்தைந்து வயதினர். நம் மாணவர் பலரினும் சில ஆண்டுகளே மூத்தவர் என்பதை நினைவிற் கொள்க. கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்திற் பங்கு கேட்பதும், அது கொலையில் முடிவதுமே கதை. ஆசிரியர் கூற்றைப் பொதுத் தமிழில் நடத்தி, மாந்தர் கூற்றைக் கொங்குப் பேச்சில் அமைத்தார். இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்து நிறுத்தியதே அவர் காட்டிய வழி. இந்தப் பிரிவினை இல்லாதவிடத்துப் பாத்திரம் ஆசிரியர்போற் பேசும்; அல்லது ஆசிரியர் பாத்திரம்போற் பிதற்றுவார்.

இனி, பேச்சு வழக்கை எழுதிவிட்டாற் போதும், உரையாடல் சிறந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. சொல்தோறும் "ங்க" ஒட்டிவிட்டுக் கொங்கு மணம் கமழ்கிறது என்று மகிழ்வோர் உண்டு. அது வேடமேயன்றிப் பேச்சன்று. திரைப்படங்களில் நம் ஊர்ப் பேச்சு பெரும்பாலும் நகைப்புக்கே பயன்பட்டு வந்ததற்கும் இவ்வேடமே காரணம். உரையாடல் கதையில் ஒரு தொழில் செய்யவேண்டும்: ஒருவர் ஒன்றை விரும்ப, மற்றவர் அதனைத் தடுக்க, இருவருக்குமிடையே ஏதேனும் ஒன்று நகரவேண்டும். ஒரே கிணற்றில் முறைவைத்து நீர் இறைக்கும் இரு பங்காளிகளைக் கொள்வோம்.

"ஏனுங்கண்ணா, ராத்திரி மோட்டாரு ரொம்ப நேரம் ஓடுச்சுங்களா?"

"வாழை வாடுதப்பா."

"எங்கூட்டு மஞ்சளும் வாடித்தானுங்க நிக்குது."

இதில் "நீர் என் முறைத் தண்ணீரைத் திருடினீர்" என்று எவரும் கூறவில்லை. ஆயினும் வழக்கு முழுவதும் அங்கே இருக்கிறது. கேள்விக்கு நேரான விடை வராமையே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். "கோபாவேசத்துடன் கர்ஜித்தான்" என்று ஆசிரியர் இடையில் வந்து அறிவிக்க வேண்டுவதில்லை. "என்றான்" என்பதுகூட இங்கு மிகை.

இன்னும் ஒரு நுட்பம் காண்க. நம் நாட்டில் வயதிற் சிறியாரிடத்தும் மரியாதை குன்றாமற் பேசுவோர் பலர். ஆதலின், இதுவரை "வாங்க, கேளுங்க" என்று வந்த இளையவன் ஒருநாள் "ங்க" விடுத்து, "சொல்றதைக் கேளு" என்றானாயின், அது கன்னத்தில் அறைந்ததற்கு ஒப்பாகும். ஈரெழுத்துக் குறைவால் ஒரு குடும்பம் உடைவதைக் காட்டிவிடலாம். ஆனால் முன்னெல்லாம் அம்மரியாதையைச் செவ்வனே கேட்கச் செய்திருந்தாலன்றி, அக்குறைவு வாசகர் செவிக்கு எட்டாது. வட்டாரப் பேச்சை அறிதல் என்பது அருஞ்சொற்களை அடுக்குதலன்று. இத்தகைய ஏற்ற இறக்கங்களை அறிதலே என்க.

பிற நாட்டார் இப்பேச்சை விளங்கிக்கொள்வரோ என்பது அடுத்த ஐயம். இதற்கு அளவே மருந்து. செவியில் ஒலிப்பதையெல்லாம் எழுத்திற் பெயர்க்க முயலற்க. வாக்கியத்தின் போக்கையும் சில சொற்களையும் காத்தாற் போதும். பொருள் இடத்தால் விளங்கும். அமெரிக்கரான மார்க் ட்வைன் 1884-இல் வெளிவந்த ஹக்கிள்பெரி பின் கதைக்கு முன்னுரைக் குறிப்பாக, தாம் பல வட்டாரப் பேச்சுகளை ஆய்ந்து கையாண்டதை எடுத்துரைக்க நேர்ந்தது. இன்று உலகம் அதனைப் படிக்கிறது. நம்மவரில் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சிற் கதை எழுதியதோடு வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்தார். திருச்செங்கோட்டுப் பகுதியினரான பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி செய்தார். ஆகவே, சொற்கள் விளங்கா என்னும் சாக்கு இனி நமக்கு இல்லை.

அம்மாணவரிடம் மற்றொன்றும் கேட்டேன்: "நீர் இங்குப் படிக்க வந்த அன்று உம் தகப்பனார் மெய்யாக என்ன சொல்லி அனுப்பினார்?" அவர் சிறிது யோசித்து, "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதா கண்ணுன்னு கேட்டாருங்க. அவ்வளவுதானுங்க" என்றார். மாட்டை விற்ற பணம் முழுவதையும் மகன் கையிற் கொடுத்துவிட்டு, பின்னும் சில்லறைக்குக் கவலையுறும் தகப்பனாரை அக்கேள்வியில் யான் கண்டேன். கல்வியைப் பற்றிய பிரசங்கத்தில் அவரைக் காணவில்லை.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், திண்ணையிலும் சந்தையிலும் களத்துமேட்டிலும் நும் செவிகளைத் திறந்து வைமின். நும் பாட்டிமாரின் சொற்கள் பல அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நாணமின்றி நும் கதைகளுட் கொணர்மின். அடுத்த மலரில் அத்தகப்பனார் தம் சொந்த வாயாற் பேசுவாராக.